எமி விருது எந்த அமைப்பினுடையது? கலைக்களஞ்சியத்தின் அடிக்குறிப்புகளில் இருந்து நாம் கற்றுக்கொள்ளக்கூடியவை

இறுதிப்போர் பற்றிய ஆவணப்படங்களைக் குறிப்பிடும்போது எங்கள் ஊடகங்களில் ஒரு சொற்றொடர் அடிக்கடி வரும்: “எமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட படம்”. கலம் மக்ரே இயக்கிய ‘நோ ஃபயர் ஸோன்’ ஆவணப்படத்தைப் பற்றித்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்லப்படுகிறது. 2013 மார்ச்சில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் அமர்வு நடந்துகொண்டிருந்த நாட்களில், ஜெனீவாவில் அந்தப் படம் திரையிடப்பட்டது. 2014இல் அது சர்வதேச எமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

இதில் ‘சர்வதேச’ என்ற சொல் பல செய்திகளில் விடுபட்டுப் போகிறது. அந்தச் சொல் முக்கியமா, எமி விருதை உண்மையில் யார் கொடுக்கிறார்கள் என்று ஒரு வாசகர் என்னிடம் கேட்டார். பதில் தேடுபவர்கள் எல்லோரும் முதலில் போகும் இடத்துக்கே நானும் போனேன். அது விக்கிப்பீடியா. அங்கே கட்டுரைகளைவிட அவற்றின் அடியில் சிறிய எழுத்தில் கிடக்கும் அடிக்குறிப்புகளே என்னை அதிக நேரம் பிடித்து வைத்திருந்தன. ஒரு தொலைக்காட்சி அமைப்பைப் பற்றிய கட்டுரை எப்படிப்பட்ட ஆதாரங்களின் மேல் நிற்கிறது, எந்த ஆதாரம் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். இதே கேள்விகள் எங்கள் சொந்தக் கதையிடமும் கேட்கப்படுகின்றன என்பதால், இதைத் தொலைக்காட்சிக்காரர்களின் விவகாரம் என்று தள்ளிவிட முடியாது.

ஒரு பெயர், மூன்று அமைப்புகள்

எமி என்ற பெயரில் விருது கொடுக்கும் அமைப்புகள் மூன்று. முதலாவது, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸில் 1946இல் சிட் காசிட் என்பவரின் முயற்சியால் தொடங்கிய தொலைக்காட்சிக் கலை அறிவியல் கழகம். அதன் முதற்கூட்டத்துக்கு வந்தவர்கள் ஏழு பேர். அன்று தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்த வீடுகள் மிகச் சில. ஊரறிந்த ஒருவர் தலைவராக இருந்தால்தான் கழகம் எடுபடும் என்பதால், பொம்மையைப் பேச வைக்கும் கலைஞரான எட்கார் பேர்கன் முதல் தலைவரானார். முதலாவது விருது விழா 1949 ஜனவரி 25ஆம் திகதி ஹொலிவூட்டில் நடந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஒளிபரப்பான நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே அன்று விருது.

இரண்டாவது, நியூயோர்க்கை மையமாகக் கொண்ட தேசியக் கழகம். எட் சல்லிவன் முன்னின்று 1950களின் நடுப்பகுதியில் உருவாக்கியது. இரண்டு நகரங்களுக்கும் இடையிலான போட்டி நெடுங்காலம் தொடர்ந்து, 1977இல் பிரிவினையாக முடிந்தது. இரவு நேரத்து முக்கிய நிகழ்ச்சிகளுக்கான விருது லொஸ் ஏஞ்சல்ஸ் கழகத்துக்குப் போயிற்று. பகல்நேர நிகழ்ச்சிகள், செய்தி, விளையாட்டு போன்றவை நியூயோர்க் கழகத்தின் பொறுப்பாயின.

மூன்றாவது, 1969இல் தொடங்கிய சர்வதேசக் கழகம். பிரதானமாக அமெரிக்காவுக்கு வெளியே தயாரிக்கப்படும் நிகழ்ச்சிகளுக்கு இது விருது கொடுக்கிறது. பிரித்தானியாவில் தயாரிக்கப்பட்ட ‘நோ ஃபயர் ஸோன்’ இந்த மூன்றாவது கழகத்தின் பட்டியலில்தான் இடம்பெற்றது. ஆகவே ‘சர்வதேச’ என்ற சொல்லை விட்டுவிட்டால் வாசகர் வேறோர் அமைப்பை நினைத்துக்கொள்வார். அது படத்துக்கு இழிவும் அல்ல, பெருமையும் அல்ல. தகவல் பிழைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அமைப்பு தன்னைப் பற்றித் தானே சொல்வது

இவ்வளவும் எங்கிருந்து தெரியவருகிறது? முதலில் கைக்கு வருவது அந்த அமைப்புகளின் சொந்த இணையத்தளங்கள். விக்கிப்பீடியாவின் நடைமுறையில் இவை முதல்நிலை ஆதாரங்கள். இவற்றை முற்றாக ஒதுக்குவதில்லை. எந்த ஆண்டில் தொடங்கியது, தலைவர் யார், அலுவலகம் எங்கே, விருதுப் பிரிவுகள் எவை என்பன போன்ற சர்ச்சையில்லாத விபரங்களுக்கு அமைப்பின் சொல் போதும். “உலகின் மிகவும் மதிப்புக்குரிய விருது” என்ற வரிக்கு அது போதாது. தன் பிள்ளையை ஊரில் கெட்டிக்காரன் என்று தாய் சொன்னால் நாம் சிரித்துக்கொண்டு கேட்போம். பள்ளிக்கூட அறிக்கையில் அதை எழுத மாட்டோம்.

பெயர் வந்த கதையையே எடுத்துப் பாருங்கள். அந்நாளைய தொலைக்காட்சிக் கமராவில் இருந்த ஒருவகைக் குழாயைப் பொறியியலாளர்கள் ‘இம்மி’ என்று செல்லமாக அழைத்தார்கள். அது திரிந்து ‘எமி’ ஆயிற்று. அந்தப் பெயரை முன்மொழிந்தவர் பின்னாளில் கழகத்தின் தலைவராக இருந்த பொறியியலாளர் ஹரி லப்க். சிறகு விரித்த பெண் ஓர் அணுவை ஏந்தி நிற்கும் சிலையை வரைந்தவர் லூயி மக்மானஸ். அவர் தன் மனைவியையே மாதிரியாகக் கொண்டார். அதற்கு முன் வந்த 47 வரைபுகள் நிராகரிக்கப்பட்டன. இவை எல்லாம் கழகம் தன் தோற்றம் பற்றித் தானே சொல்லிவரும் கதைகள். பொய் என்று ஐயுற எனக்குக் காரணமில்லை. ஆனாலும் கவனமான கட்டுரையாளர் இவ்விடத்தில் “கழகத்தின் கூற்றுப்படி” என்ற இரண்டு சொற்களைச் சேர்ப்பார். யார் சொன்னது என்பது வாசகருக்குத் தெரிந்துவிடும். நம்புவதா இல்லையா என்பது அவர் பாடு.

தொடங்கிய ஆண்டு போன்ற எளிய விபரத்திலும் சிக்கல் வரலாம். நியூயோர்க் கழகம் தொடங்கியது 1955 என்று சிலர் எழுதுகிறார்கள், 1957 என்று வேறு சிலர் எழுதுகிறார்கள். நகர மட்டத்தில் ஆட்கள் கூடிய நாளையா, தேசிய அமைப்பாக உருவெடுத்த நாளையா தொடக்கம் என்று கொள்வது என்பதைப் பொறுத்து ஆண்டு மாறும். இப்படியான இடத்தில் ஒன்றைத் தெரிந்து மற்றையதை மறைப்பதைவிட, இரண்டையும் சொல்லி ஒவ்வொன்றும் யாருடைய கணக்கு என்று காட்டுவதே முறை.

வெளியில் இருந்து பார்ப்பவர்கள்

அடுத்த வரிசையில் வருபவை சுயாதீன ஆதாரங்கள். 1905இல் தொடங்கிய ‘வரைட்டி’, 1930இல் தொடங்கிய ‘ஹொலிவூட் ரிப்போர்ட்டர்’ போன்ற தொழில்துறைப் பத்திரிகைகளும், ‘நியூயோர்க் டைம்ஸ்’, ‘லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ போன்ற பொதுப் பத்திரிகைகளும், ஆய்வு நூல்களும் இதில் அடங்கும். 1977 பிரிவினை போன்ற ஒரு பிணக்கை இரு தரப்பில் எவருடைய வாயாலும் முழுமையாக அறிய முடியாது. வெளியில் நின்று இருவரிடமும் கேட்டவர் தேவை.

ஆனால் வெளியில் நிற்பவர் என்பதாலேயே அவர் முழுச் சுயாதீனர் ஆகிவிட மாட்டார். விருதுக் காலத்தில் தொழில்துறைப் பத்திரிகைகளைத் திறந்தால், “எங்கள் நிகழ்ச்சியைக் கவனத்தில் எடுங்கள்” என்று வாக்களிப்போரை வேண்டும் முழுப்பக்க விளம்பரங்கள் நிறைந்திருக்கும். அந்தப் பத்திரிகைகளின் வருமானத்தில் அது பெரிய பங்கு. அதனால் அவை பொய் எழுதும் என்று கொள்ளக்கூடாது. எமி விருதின் செல்வாக்குக் குறைந்துவிட்டதா என்ற கேள்விக்கு அவற்றை மட்டும் நம்பியிருக்கக்கூடாது என்று கொள்ளலாம்.

மூன்றாவது வகை, சட்டப்படி எழுதப்பட்ட ஆவணங்கள். அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் ‘990’ என்ற படிவத்தில் தங்கள் வருமானத்தையும், செலவையும், தலைமை அலுவலர்களின் சம்பளத்தையும் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். பொதுமக்கள் அதைப் பார்வையிடலாம். கழகத்தின் இணையத்தளம் சொல்லாத பலவற்றை அந்தப் படிவம் சொல்லும். காசுக் கணக்கை அறிய விரும்புபவர் விழா மேடையின் பேச்சைக் கேட்பதில்லை, படிவத்தைத் தேடுகிறார்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. விருதுக்கு ‘விண்ணப்பிக்கப்பட்டது’ என்பதும் ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்பதும் ஒன்றல்ல. தயாரிப்பாளர் கட்டணம் கட்டித் தன் நிகழ்ச்சியை அனுப்புவது விண்ணப்பம். அனுப்பப்பட்டவற்றில் இருந்து நடுவர்களோ உறுப்பினர்களோ தெரிந்தெடுப்பது பரிந்துரை. விளம்பரங்களில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழைந்துவிடும். அடிக்குறிப்பைத் திறந்து, கழகம் வெளியிட்ட பரிந்துரைப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

பட்டியலில் இருந்தும் இல்லாதவர்கள், நடந்தும் அழிக்கப்பட்டது

பட்டியலில் இருந்தால் தீர்ந்தது என்றும் இருந்துவிட முடியாது. இதற்கு இரண்டு சம்பவங்கள் போதும்.

2024 ஜனவரியில் ‘த அத்லெட்டிக்’ என்ற செய்தி நிறுவனம் ஒரு செய்தியை வெளியிட்டது. ஈஎஸ்பிஎன் என்ற பெரும் விளையாட்டு ஒளிபரப்பு நிறுவனம், விளையாட்டு எமி விருதுக்கான விண்ணப்பங்களில் இல்லாத ஆட்களின் பெயர்களைத் தயாரிப்புக் குழுவினராகக் குறைந்தது 2010 முதல் சேர்த்து வந்திருந்தது. திரையில் தோன்றும் தொகுப்பாளர்கள் அந்தப் பிரிவில் விருது பெற விதிகள் அப்போது அனுமதிக்கவில்லை. கற்பனைப் பெயர்களுக்குக் கிடைத்த சிலைகளில் பெயரை மாற்றிப் பொறித்து அவர்களுக்குக் கொடுத்தார்கள். நியூயோர்க் கழகம் விசாரித்தது. நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டது. 30க்கும் மேற்பட்ட சிலைகள் திரும்பிப் போயின. அதுவரை கழகத்தின் அதிகாரபூர்வப் பதிவுகளில் பிறக்காத மனிதர்கள் விருதாளர்களாக இருந்தார்கள். வெளியில் இருந்து ஒரு செய்தியாளர் கேள்வி கேட்டிராவிட்டால் பொதுமக்களாகிய எங்களுக்கு இது தெரிய வந்திருக்காது.

மற்றையது இதற்கு நேர்மாறு. கொவிட் காலத்தில் தொலைக்காட்சியில் நாளாந்தம் மக்களுக்கு விளக்கமளித்ததற்காக, அன்றைய நியூயோர்க் மாநில ஆளுநர் அன்ட்ரூ குவோமோவுக்கு 2020இல் சர்வதேசக் கழகம் சிறப்பு விருது கொடுத்தது. பாலியல் தொந்தரவுக் குற்றச்சாட்டுகள் பற்றிய விசாரணை அறிக்கையின் பின் 2021 ஓகஸ்டில் அவர் பதவி விலகினார். கழகம் விருதை மீளப் பெற்றது. அத்தோடு நிற்காமல், இனிமேல் தன் வெளியீடுகளில் அவருடைய பெயரும் அந்த விருது பற்றிய குறிப்பும் இருக்காது என்றும் அறிவித்தது. விருதை மீளப் பெறுவது கழகத்தின் உரிமை. ஆனால் கொடுத்ததே இல்லை என்பதுபோல் பதிவில் இருந்து எடுத்துவிட்டால், நாளை அந்தத் தளத்தை மட்டும் படிப்பவருக்கு நடந்தது தெரியாது. கொடுத்ததும் மீளப் பெற்றதும் இன்று நமக்குத் தெரிவது அன்றன்று அதை எழுதி வைத்த பத்திரிகைகளால்தான்.

ஓர் அமைப்பைப் பற்றிய கட்டுரைக்கு அந்த அமைப்பு மட்டும் ஆதாரமாக முடியாது என்ற விதி வெறும் சம்பிரதாயம் அல்ல என்பதை இந்த இரண்டு சம்பவங்களும் காட்டுகின்றன. ஒன்றில் அமைப்பின் பதிவில் இல்லாதவர்கள் இருந்தார்கள். மற்றையதில் இருந்த ஒன்றை அமைப்பே அகற்றியது. பதிவேடுகளில் இருந்து காணாமற்போவது என்றால் என்ன என்பதை எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சுற்றி வரும் பொய்

பத்திரிகையில் வந்தால் போதுமா என்றால், அதுவும் எப்போதும் போதாது. 2009 மார்ச் இறுதியில் மொரிஸ் ஜார் என்ற புகழ்பெற்ற திரைப்பட இசையமைப்பாளர் காலமானார். அயர்லாந்துப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், ஜார் சொன்னதாக ஓர் அழகான வாசகத்தைத் தானே புனைந்து விக்கிப்பீடியாவில் சேர்த்தார். ஊடகங்கள் சரிபார்க்கின்றனவா என்று பார்ப்பதே அவருடைய நோக்கம். ஆதாரம் இல்லை என்ற காரணத்தால் விக்கிப்பீடியாவின் தொண்டர்கள் அதை நீக்கிவிட்டார்கள். அதற்குள் பல நாடுகளின் பத்திரிகைகள் அதை எடுத்து இரங்கற் செய்திகளில் அச்சிட்டுவிட்டன. ஏறத்தாழ ஒரு மாதத்தின் பின் அந்த மாணவரே எழுதிச் சொல்லும்வரை எவரும் கண்டுபிடிக்கவில்லை.

இதில் பெரிய ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது. பத்திரிகையில் அச்சான அந்த வாசகத்தை இன்னொருவர் ஆதாரமாகக் காட்டி மீண்டும் கலைக்களஞ்சியத்தில் சேர்த்தால், பொய்க்கு அடிக்குறிப்பும் கிடைத்துவிடும். ஆகவே அடிக்குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது முதற்படி. அதைத் திறந்து, அவர் எங்கிருந்து எடுத்தார் என்று பார்ப்பது இரண்டாம் படி. ஒரே அறிக்கையைப் பத்துத் தளங்கள் பிரதி செய்திருந்தால் அது பத்து ஆதாரம் ஆகாது.

எங்கள் எண்களும் எங்கள் சாட்சியமும்

இப்போது ‘எமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட படம்’ என்ற வரிக்குத் திரும்புவோம். அந்தப் பரிந்துரை எதற்கு ஆதாரம்? படத்தின் தரத்தைத் தொலைக்காட்சித் துறையினர் மதித்தார்கள் என்பதற்கு ஆதாரம். முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்பதற்கு அது ஆதாரம் அல்ல. விருதைக் காட்டி வாதாடினால், எதிர்த்தரப்பு “சினிமாக்காரர் விருது” என்று ஒரு வரியில் தட்டிவிடும்.

அதற்கான ஆதாரம் வேறு இடத்தில் இருக்கிறது. கைகள் கட்டப்பட்டவர்கள் சுடப்படும் காணொளியைச் சனல் 4 செய்திப் பிரிவு 2009 ஓகஸ்ட் 25ஆம் திகதி ஒளிபரப்பியபோது, அது போலி என்று அரசாங்கம் மறுத்தது. சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் பற்றிய ஐ.நா. விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன், தடயவியல் மருத்துவம், காணொளிப் பகுப்பாய்வு, சுடுகலன் ஆகிய துறைகளின் நிபுணர்களிடம் அதைக் கொடுத்துப் பரிசோதித்தார். அந்த அறிக்கைகள் காணொளி உண்மையானது என்பதையே வலுவாகக் காட்டுகின்றன என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். எந்தத் துறையினர், எதைப் பரிசோதித்தார்கள், எதை விளக்க முடியவில்லை என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தன. விருதைவிட இந்த அறிக்கை பலமடங்கு பாரம் தாங்கும்.

இன்னோர் எடுத்துக்காட்டு 146,679 என்ற எண். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சமர்ப்பித்தது. அந்த எண்ணின் பலம் அதன் வழியில் இருக்கிறது. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் கச்சேரிக் கணக்கின்படி 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். ஒன்றில் இருந்து ஒன்றைக் கழித்தால் வருவது 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் ஆயரின் கேள்வி. ஆனால் எங்கள் மேடைகளிலும் பதிவுகளிலும் அது “கொல்லப்பட்டோர் தொகை” என்று மாறிவிடுகிறது. மூலத்தில் இல்லாத சொல்லை நாம் சேர்த்தவுடன், ஓர் அரச கணக்கில் இருந்தும் ஓர் ஐ.நா. கணக்கில் இருந்தும் எடுத்த, எவராலும் இலகுவில் மறுக்க முடியாத ஒரு கேள்வி, எவரும் மறுக்கக்கூடிய ஒரு கூற்றாகிவிடுகிறது. கணக்குக் காட்டப்படாதோர் என்று சொன்னால் பதில் சொல்ல வேண்டிய கடமை அரசாங்கத்திடம் நிற்கும். கொல்லப்பட்டோர் என்று சொன்னால் நிரூபிக்க வேண்டிய கடமை எங்களிடம் வந்துவிடும்.

இதில் ஒரு நியாயமான கோபமும் இருக்கிறது. பிரசுரமான ஆதாரம் இல்லாததைக் கலைக்களஞ்சியம் ஏற்காது. பிரசுரிக்க அச்சகம் இருந்ததா, எழுதியவர் உயிரோடு இருந்தாரா, நூலகம் எரியாமல் இருந்ததா என்று அந்த விதி கேட்பதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்தவற்றை எவரும் அடிக்குறிப்பில் காட்ட முடியாது. பதுங்குகுழியில் பிள்ளையை இழந்த தாயின் நினைவு, அவர் மனதில் மட்டும் இருக்கும்வரை, கலைக்களஞ்சியத்தின் கண்ணில் இல்லாத ஒன்று.

அந்த விதியை மாற்ற எங்களால் இன்று முடியாது. நினைவை ஆதாரமாக மாற்ற முடியும். அமெரிக்கத் தொலைக்காட்சிக் கழகத்தின் அறக்கட்டளை 1990களின் பிற்பகுதியில் இருந்து பழைய தொழில்நுட்பர்கள், எழுத்தாளர்கள், நடிகர்களிடம் நீண்ட செவ்விகளைப் பதிவுசெய்து பொதுவெளியில் வைத்திருக்கிறது. அவர்களில் பலர் இன்று இல்லை. அவர்களின் வாய்மொழி இன்று மற்றவர்கள் மேற்கோள் காட்டும் ஆதாரம். கமராக் குழாயின் செல்லப்பெயருக்கே இவ்வளவு கவனம் கிடைக்கிறதென்றால், வன்னியின் கடைசி மாதங்களுக்கு எவ்வளவு கிடைக்க வேண்டும்?

செய்ய வேண்டியவை பெரிய வேலைகள் அல்ல. சாட்சியத்தைப் பதிவு செய்யும்போது திகதி, இடம், பதிவு செய்தவர் பெயர் ஆகியவற்றை அதிலேயே சேருங்கள். தன் பெயரைச் சொல்லப் பயப்படுபவரின் பெயரை மறைக்கலாம், ஆனால் எப்போது, எவ்வாறு பதிவு செய்யப்பட்டது என்பதை மறைக்காதீர்கள். கண்டதையும் கேள்விப்பட்டதையும் தனித்தனியாக எழுதுங்கள். பழைய பத்திரிகை நறுக்கு, இடப்பெயர்வு அட்டை, கிராம அலுவலரின் கடிதம் போன்றவற்றை இருபக்கமும் படமெடுத்து ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வையுங்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம ஆவணக்காப்பகம் போன்ற இடங்களுக்கு, உரியவர்களின் சம்மதத்தோடு, ஒரு பிரதியைக் கொடுங்கள். முகநூற் பதிவு அடுத்த வருடம் இருக்காது. காப்பகத்தில் எண்ணிட்டு வைத்த பிரதி இருக்கும்.

அடுத்த முறை “எமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட” என்று எழுத நேர்ந்தால், ‘சர்வதேச’ என்ற சொல்லையும் 2014 என்ற ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். நாம் சிறிய விபரங்களில் கவனமானவர்கள் என்று தெரிந்த வாசகர்தான், பெரிய விடயத்தைச் சொல்லும்போது நின்று கேட்பார்.